செவிலியர் கல்வியும் நூற்பயிற்சியின் அளவும்

(சங்க ஆண்டு விழாவில் கொடைரோட்டில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியைப் பற்றிச் சில கூறுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். கல்வியின் பெருமையைப் பொதுவகையாற் புகழ்ந்து செல்லுதல் எளிது. அதனால் இங்குக் குழுமியுள்ள பெற்றோர்க்கு விளையும் பயனோ சிறிது. ஆதலின், நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று எழுந்துள்ள ஒரு வினாவையே எடுத்துக்கொள்கின்றேன். செவிலியர் கல்வி பயிலும் நம் பிள்ளைகள் பாட நூல்களை எவ்வளவு படித்தல் வேண்டும் என்பதே அவ்வினா.

சென்ற பொங்கல் விடுமுறையில் என் தமக்கை மகள் ஊருக்கு வந்திருந்தாள். அவள் பி.எஸ்ஸி. நர்ஸிங் முதலாண்டு மாணவி. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழிலேயே கற்றுத் தேறியவள். அவள் தந்தையார் மல்லிகைத் தோட்டத்தை ஒற்றி வைத்துக் கட்டணம் செலுத்தியிருந்தார். அவள் தன் பெட்டியைத் திறந்து ஐந்து ஆங்கில நூல்களை என்முன் அடுக்கினாள். ஒவ்வொன்றும் செங்கல்லினும் கனத்தது. "மாமா, இவ்வளவையும் வரி விடாமல் படித்தால் உறங்க நேரமில்லை. கைடு படித்தாலே தேறிவிடலாம் என்று மூத்த மாணவியர் சொல்கிறார்கள். வார்டில் நின்றால்தான் வேலை வரும், புத்தகம் எதற்கு என்பாரும் உண்டு. நான் எதைக் கேட்பது? என்னால் முடியாதென்றால் படிப்பை நிறுத்திவிடட்டுமா?" என்று கண் கலங்கினாள்.

யான் தமிழ் கற்றவனேயன்றி மருத்துவம் அறிந்தவன் அல்லேன். ஆதலின், நெடுங்காலம் செவிலியராய் இருந்து ஓய்வு பெற்ற நம் சங்கத்து அம்மையார் ஒருவரிடம் அவளை அழைத்துச் சென்றேன்.

அம்மையார் மறுமொழி கூறாது, இரண்டு இன்சுலின் சிரிஞ்சுகளை மேசைமேல் வைத்தார். ஒன்றன் மூடி சிவப்பு. மற்றொன்றன் மூடி ஆரஞ்சு. நம் நாட்டில் இன்சுலின், மில்லிலிட்டருக்கு 40 அலகு உடையதும் 100 அலகு உடையதுமாக வருகின்றது. சிவப்பு மூடி 40-க்கும் ஆரஞ்சு மூடி 100-க்கும் உரியவை. "100 அலகுப் புட்டியிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை மருந்தை ஏற்றினால், நோயாளியின் உடம்பில் எத்தனை அலகு போகும், சொல் அம்மா" என்றார். அவள் விழித்தாள். "அந்தக் கோட்டில் இருப்பது அரை மில்லிலிட்டர். அதில் 50 அலகு உண்டு. 20 போட வேண்டிய இடத்தில் 50 போட்டால், இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து நினைவு தப்பும், உயிரே போகலாம். பத்து நாள் வார்டில் நின்றால் ஊசி போடக் கை பழகிவிடும். ஆனால் இந்தக் கணக்கைக் கை சொல்லாது" என்றார்.

நூல் வேண்டா என்பார்க்கு இஃதொன்றே விடையாக அமையும். நூலே போதும் என்பார்க்கும் அவர் ஒரு விடை வைத்திருந்தார். படுக்கைப் புண்ணைப் பற்றிப் பல பக்கம் மனப்பாடம் செய்தவளாயினும், நோயாளியைப் புரட்டி அவர் முதுகைப் பாராதவளுக்கு அப்பக்கங்களால் ஆவது யாது?

1860-ஆம் ஆண்டில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் இலண்டன் மாநகரில் செவிலியர் பள்ளி நிறுவியதும் மருத்துவமனையோடு இணைந்தேயாம். இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்து 2021-ஆம் ஆண்டில் அரசிதழில் வெளிவந்த விதிகளும் இதனையே வலியுறுத்துகின்றன. நான்காண்டு, எட்டுப் பருவம் கொண்ட அப்படிப்பில், தேர்வெழுதுதற்கு நூற்பாட வகுப்பில் நூற்றுக்கு 80 வருகை போதும். பட்டம் பெறுதற்கோ, நோயாளியிடத்துப் பெறும் பயிற்சியில் நூற்றுக்கு நூறும் நிறைவேறல் வேண்டும்.

அங்ஙனமாயின் நூலுக்கு அளவு யாது? கொடைக்கானல் செல்வோர் நம் நிலையத்தில் இறங்குவதை நாடோறும் காண்கின்றோம். வீட்டுப் பொருளையெல்லாம் கட்டி வந்தவர் சுமையால் இடர்ப்படுகின்றார். கம்பளி இன்றி வந்தவர் மலைமேற் குளிரால் நடுங்குகின்றார். சுமையை அளப்பது செல்லும் இடமே. செவிலிக்கோ, செல்லும் இடம் நோயாளியின் படுக்கை.

அம்மையார் கூறியவற்றை மூன்றாகத் தொகுத்துரைப்பேன். உடற்கூறு, உடலியக்கம், மருந்தின் அளவுக் கணக்கு, தொற்றுத் தடுப்பு ஆகிய நான்கும் வேர் போல்வன; இவற்றை ஒன்று விடாமலும் பலமுறையும் கற்றல் வேண்டும். இரண்டாவது, நாளை காணவிருக்கும் நோயாளியின் நோயையும் அவர்க்குரிய மருந்துகளையும் இன்றிரவே படித்துச் செல்லுதலும், மீண்டு வந்து கண்டதை நூலோடு ஒப்பிடுதலும் ஆம். மூன்றாவது, ஏனைய பகுதிகளில் தலைப்பையும் அட்டவணையையும் நோக்கி, வேண்டும்போது எங்கே காணலாம் என அறிந்து வைத்தல். கைடு என்பது படித்ததைச் சோதிக்கும் உரைகல்லே அன்றிப் படிப்பு ஆகாது.

படித்தது போதுமா என அறிவது எவ்வாறு? இதற்குத் தமிழ்ப் பண்டிதன் என்ற முறையில் யான் ஒன்று கூறுவல். நன்னூல் செய்த பவணந்தி முனிவர், ஆசிரியர்பாற் கேட்டதனால் வருவது காற்பங்கே எனவும், உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு வரும் எனவும், எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைத்தலால் வரும் எனவும் கணக்கிட்டார். நம் பிள்ளைகள் கற்பது ஆங்கிலத்தில். அவர்முன் படுத்திருப்பவரோ நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குக் கூடை சுமக்கும் தாய். இம்மருந்து எதற்கு, எப்போது உண்பது, எந்தக் குறி கண்டால் உடனே வருவது என்பவற்றை அத்தாய்க்கு விளங்கத் தமிழிற் சொல்ல இயலுமாயின், படித்தது போதும். இயலாதாயின், நூலை மீண்டும் திறக்க வேண்டும். இதுவே அளவு.

இதற்குச் சான்று நம் ஊரிலிருந்து திண்டுக்கல் செல்லும் வழியிலேயே உளது. டாக்டர் சௌந்தரம் அம்மையார் இளமையிற் கணவரை இழந்த பின்னர்த் தில்லி சென்று மருத்துவம் கற்றார். ஆங்கிலத்திற் கற்ற அக்கல்வியைத் தமக்கென வைத்துக்கொள்ளாது, ஜி. இராமச்சந்திரன் அவர்களோடு 1947-ஆம் ஆண்டிற் காந்திகிராமத்தை நிறுவி, நம் சிற்றூர் மக்கட்கு உரியதாக்கினார்.

என் தமக்கை மகள் படிப்பை நிறுத்தவில்லை. ஞாயிறுதோறும் தொலைபேசியில், அவ்வாரம் கற்ற ஒன்றைத் தன் தாய்க்குத் தமிழிற் சொல்கின்றாள். தாய் "விளங்கவில்லை" என்றால், மறு ஞாயிறு அதனையே மீண்டும் சொல்கின்றாள். நீரிழிவுடைய என் தமக்கை இப்போது சிரிஞ்சின் மூடி நிறம் பாராமற் கடையை விட்டு நகர்வதில்லை.

சங்கத்தார்க்கு என் விண்ணப்பம் இரண்டு. விலையுயர்ந்த இந்நூல்களைச் சங்க நூலகத்தில் வாங்கி வைத்து இரவலாக வழங்குக. மாதம் ஒரு ஞாயிறு, பணியிலுள்ள நம் செவிலியரை முதலாண்டு மாணவ மாணவியரோடு இங்கு அமரச் செய்க. பெற்றோர்களே, பிள்ளைகளிடம் எத்தனை மதிப்பெண் என்று கேட்பதன்முன், "இன்று படித்ததை எனக்குச் சொல்" என்று கேளுங்கள். எழுத்தறியாத தாயும் அவ்வாறு கேட்கலாம். கேட்டால் பிள்ளை கற்கும்.