இலையுதிர் காலத்துக் காட்டு நீராடல்



நீராடுவதற்கு ஆறும் குளமும் கடலும் உண்டு. காட்டில் நீராடும் வழக்கமொன்று ஜப்பானியரிடையே இருக்கிறது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘ஷின்ரின் யோக்கு’. ‘ஷின்ரின்’ என்பது காடு. ‘யோக்கு’ என்பது நீராடல். கடலாடலையும் வெயில் காய்தலையும் குறிக்க அம்மொழியில் முன்னரே வழங்கிய சொற்களை ஒட்டி, 1982ஆம் ஆண்டில் வனத்துறையின் தலைவராக இருந்த அக்கியாமா தொமொஹிதே இத்தொடரை அறிமுகம் செய்தார்.

சொல் புதிது; அது சுட்டும் நாட்டம் பழையது. இலையுதிர் காலத்தில் மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்பதைக் காணச் செல்லுதலை ஜப்பானியர் ‘மொமிஜி காரி’, அஃதாவது ‘செவ்விலை வேட்டை’ என்பர். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முராசாக்கி ஷிக்கிபு என்னும் அம்மையார் படைத்த ‘கெஞ்சியின் கதை’யில் ஓர் இயலின் பெயரே செவ்விலை விழாவைக் குறிப்பதாகும்.

வேட்டைக்குச் செல்வோர் எதையேனும் கொண்டு திரும்புவர். காட்டு நீராடலில் கொண்டுவர ஒன்றுமில்லை. ஏற வேண்டிய சிகரமோ, கடந்தாக வேண்டிய தொலைவோ அதில் இல்லை. நீராடுவோர் மெல்ல நடக்கின்றனர், நிற்கின்றனர், மரப்பட்டையை உள்ளங்கையால் தொடுகின்றனர், ஓடையருகே அமர்ந்து அதன் ஒலியைக் கேட்கின்றனர், உதிர்ந்த இலைகள் மக்கும் மணத்தை மூச்சில் வாங்குகின்றனர். ஐம்புலன்களை அடக்குதல் துறவியரின் நெறி. அவற்றைத் திறந்து வைத்தல் இவர்களின் நெறி.

இதற்கு இலையுதிர் காலம் பெரிதும் பொருந்துகிறது. பகற்பொழுது குறுகி, குளிர் ஏறத் தொடங்கியதும், மரம் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, அதன் சத்தைக் கிளைக்குள் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. கோடை முழுவதும் பச்சைக்குப் பின்னே மறைந்திருந்த மஞ்சள் நிறம் அப்போதுதான் வெளிப்படுகிறது. சிவப்போ அவ்வேளையில் புதிதாக உண்டாவது. பின்னர் காம்பின் அடியில் ஒரு தடுப்புப் படலம் உருவாகி, இலை கழன்று விழுகிறது. வரவிருக்கும் பனிக்காலத்துக்கு மரம் செய்துகொள்ளும் ஆயத்தம் இது. ஓய்வென்பது சோம்பல் அன்று என்பதை ஓய்வறியாது உழைத்துக் களைத்தவர் அங்கே கண்ணால் காண்கின்றனர். மலைப்பள்ளத்தாக்கில் கதிரவன் விரைந்து மறைவதால் கனத்த உடையும், இரைதேடி அலையும் கரடிகளுக்குத் தம் வரவை அறிவிக்க ஒரு சிறு மணியும் கொண்டு செல்வது அங்குள்ளோர் வழக்கம்.

இதனால் விளையும் பயனை மருத்துவர்களும் ஆராய்ந்துள்ளனர். நிப்பான் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சிங் லீ, தோக்கியோ நகரத்து ஆடவர் 12 பேரை 3 நாள் காடுகளில் தங்கச் செய்து ஆய்ந்தார். நோயுற்ற உயிரணுக்களை அழிக்கும் ஒருவகை வெள்ளணுக்களின் செயல்திறன் அவர்களுக்குக் கூடியிருந்ததை 2007ஆம் ஆண்டில் வெளியிட்டார். 24 காடுகளில் 280 இளைஞர்களைக் கொண்டு நிகழ்ந்த மற்றோர் ஆய்வு 2010ஆம் ஆண்டில் வெளிவந்தது. நகரத்தில் இருந்த வேளையைவிடக் காட்டில் இருந்த வேளையில் அவர்களின் நாடித்துடிப்பும், இரத்த அழுத்தமும், மன இறுக்கத்தைக் காட்டும் சுரப்பும் குறைந்திருந்தன. மரங்கள் நுண்ணுயிர்களிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ள வெளிவிடும் நறுமண ஆவிகளும் இதற்கொரு காரணம் என்பது சிங் லீயின் கருத்து. ஆயினும், இவை சிறு குழுக்களிடம் நிகழ்ந்த ஆய்வுகள். காடு களைப்பை ஆற்றும். மருத்துவரின் இடத்தை அது கொள்ளாது.

இத்தகைய காடு எவ்வாறு எஞ்சியது என்பதே எண்ணத்தக்கது. நாகானோ மாநிலத்தின் கிசோ மலைப்பகுதியில், அகெமாட்சு என்னும் ஊரையடுத்து அக்காசாவா காடு இருக்கிறது. காட்டு நீராடலின் பிறப்பிடம் என்று போற்றப்படுவது இதுவே. முந்நூறு ஆண்டு கண்ட ஹினோக்கி என்னும் ஊசியிலை மரங்கள் அங்கே பசுமை மாறாது ஓங்கி நிற்க, ஓடைக்கரையில் பிற மரங்கள் அக்டோபரில் சிவக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில் கோட்டைகளுக்கும் நகரங்களுக்குமாக வெட்டப்பட்டு இம்மலைகள் மொட்டையாயின. அதன்பின் ஒவாரிச் சிற்றரசு இங்கே மரம் வெட்டுவதைத் தடைசெய்தது. மரம் ஒன்றுக்குத் தலை ஒன்று என்று சொல்லுமளவுக்குத் தண்டனை கடுமையாக இருந்தது. வாயிலருகே காடிருந்தும் குடிமக்கள் ஹினோக்கியின்மேல் கைவைக்க அஞ்சினர். இன்று அங்கு கிட்டும் அமைதிக்கு அன்று விலை கொடுத்தவர்கள் அவர்கள்.

அக்காட்டில் ஒரு சிறு இரயில் ஓடுகிறது. வெட்டிய மரங்களைச் சுமந்த கிசோ வன இரயில் 1975ஆம் ஆண்டில் நின்றது. 1987ஆம் ஆண்டில் அக்காசாவாவில் மனிதரைச் சுமக்க மீண்டும் வந்தது. மரத்தை வெளியே கொண்டுசென்ற பாதை, மனிதரை உள்ளே கொண்டுசெல்லும் பாதையாயிற்று.

தன் நலம் நாடிக் காட்டுக்குள் செல்வதில் குறையில்லை. எனினும், அந்நலத்தைத் தரும் மரம், தான் அதன் நிழலில் அமரப்போவதில்லை என்று அறிந்த தலைமுறைகளால் விட்டுவைக்கப்பட்டது. நீராடி எழுந்தவர் இனிமேல் வருவோர்க்கு எதை விட்டுவைப்பது என்று எண்ணத் தொடங்குவாராயின், அந்நீராடல் நிறைவு பெறும்.