இரண்டு மடக்குக் கத்திகள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பிறந்த ஊரின் தொழிலைப் பற்றிச் சில சொற்கள் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். எனக்கு முன்னர்ப் பேசிய அறிஞர்கள் காப்பியங்களையும் கோயில்களையும் பற்றிப் பேசினார்கள். நானோ சட்டைப் பையில் அடங்கும் மடக்குக் கத்தியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பொருள் சிறிதே, ஆயினும் அது எனக்குக் கற்பித்த பாடம் சிறிதன்று.

எங்கள் ஊர் பங்காருபாளையம். சித்தூரிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது. தெலுங்கு நாட்டு ஊரேயாயினும், எங்கள் வீட்டு மொழி தமிழ். தெருவில் இரண்டும் ஒலிக்கும். கோடை வந்துவிட்டால் ஊரெங்கும் மாம்பழ மணமே. மாங்காய்ச் சந்தைக்கு வண்டி வண்டியாக வருவது தோத்தாபுரி. கிளியின் மூக்குப் போல் நுனி வளைந்திருப்பதால் நம்மவர் அதனைக் கிளிமூக்கு என்பர். சித்தூர் மாவட்டத்துப் பழக்கூழ் ஆலைகளுக்கு உயிரும் அப்பழமே.

என் தந்தையார் மாந்தோப்புகளில் ஒட்டுக் கட்டும் தொழிலாளி. கொட்டையை ஊன்றி வளர்க்கும் மாமரம் தாய் மரத்தின் பழத்தையே தரும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆதலின் நல்ல மரத்தின் குச்சியைச் சீவி, வேர்ச்செடியின் தண்டைப் பிளந்து, அதனுள் செருகிக் கட்டுவார்கள். பட்டைக்கும் கட்டைக்கும் இடையே பசுமையான மெல்லிய படலம் ஒன்று உண்டு. குச்சியின் படலமும் தண்டின் படலமும் இடைவெளியின்றி ஒன்றையொன்று தொட்டால்தான் ஒட்டுப் பிடிக்கும். சீவிய முகம் கண்ணாடி போல் சமமாக இருக்க வேண்டும். கத்தி மழுங்கி நார் நசுங்கினால் குச்சி காய்ந்துபோகும். ஆகவே ஒட்டுக் கட்டுபவனுக்குக் கத்தியே கை.

தந்தையாரின் கத்தி பார்வைக்கு அழகற்றது. லாரியின் பழைய வில்பட்டையில் ஒரு துண்டை வெட்டி, எங்கள் ஊர்க் கொல்லர் அடித்துக் கொடுத்தது. மரக் கைப்பிடி, கருத்த அலகு, மடக்கும்போது 'கிறீச்' என்னும். கல்லூரியில் படித்த நாளில், நண்பர்கள் முன்னிலையில் அவர் அதனை மடியிலிருந்து எடுத்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். இதனைச் சொல்ல இன்று வெட்கப்படுகிறேன்; ஆயினும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

கடல் கடந்து வேலைக்கு வந்த பின், 1998-ஆம் ஆண்டு முதன்முறையாக ஊர் திரும்பினேன். பெரிய கடையொன்றில் விலையுயர்ந்த மடக்குக் கத்தி ஒன்று வாங்கிச் சென்றேன். துருப்பிடிக்காத எஃகு, முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பு. தந்தையார் அதனை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். "இனி அந்தப் பழைய இரும்பைத் தூக்கிப் போடுங்கள், அப்பா" என்றேன். அவர் சிரித்தார், மறுமொழி கூறவில்லை.

மழைக்காலத்து ஒட்டுப் பருவம் முடிந்தது. மறு ஆண்டு ஊர் சென்றபோது அம்மா தனியே அழைத்துச் செய்தி சொன்னார். அப்பருவத்தில் தந்தையார் கட்டிய ஒட்டுகளில் பாதிக்கு மேல் காய்ந்துவிட்டனவாம். முப்பது ஆண்டுகளாக அவர் கை பட்ட ஒட்டுப் பொய்த்ததில்லை என்று பேர் பெற்றவர், தோட்டக்காரர் முன் தலைகுனிந்து, அரைக் கூலியே பெற்று வந்தாராம். நான் பதறிப்போய், "மழுங்கிய கத்தியை ஏன் வைத்துக்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டேன். அவர் சொன்ன மறுமொழி இன்னும் என் காதில் ஒலிக்கிறது: "நீ வாங்கிக் குடுத்ததை எப்படிப்பா பெட்டியில போட்டு வெக்கிறது?"

அன்பர்களே, அந்தக் கத்தி கெட்டதா? அன்று அப்படித்தான் எண்ணிக் கடைக்காரனைச் சபித்தேன். பின்னரே உண்மை விளங்கிற்று. ஒட்டுக் கத்தியின் அலகு ஒரு பக்கம் மட்டும் சாய்வாகவும் மறுபக்கம் தட்டையாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் சீவிய முகம் சமமாக வரும். நான் வாங்கியது இருபுறமும் சாய்வுடைய பொதுக் கத்தி. தந்தையார் பழகிய சாணைக்கல்லுக்கு அந்த எஃகு இணங்கவில்லை. ஊர்க் கொல்லரோ, அலகை அடிப்பதற்கு முன் தோப்புக்கே வந்து, தந்தையார் குச்சி சீவுவதை ஒரு நாள் முழுதும் உட்கார்ந்து பார்த்தவர். அவர் கையாளைக் கேட்டார். நான் விலைச்சீட்டைக் கேட்டேன்.

இதனை எண்ணும்போதெல்லாம் நூல்களில் படித்த இரண்டு கத்திகள் என் நினைவுக்கு வரும்.

முதலாவது, நம் நாட்டு எஃகில் செய்த பேனாக்கத்தி. தென்னாட்டிலும் தக்காணத்திலும் இரும்புத் துண்டுகளை மரத்துண்டோடும் இலையோடும் மண்மூசையில் இட்டு மூடி, உலையில் உருக்கி எஃகு செய்தனர். நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் அத்தொழிலின் பழந்தடயங்களை அகழ்ந்து கண்டிருக்கிறார்கள். ஐரோப்பியர் அதனை 'வூட்ஸ்' என்றனர். அது கன்னடத்து 'உக்கு' என்னும் சொல்லின் திரிபு என்பர். தெலுங்கிலும் அதே சொல்தான், தமிழில் உருக்கு. 1794-இல் பம்பாயிலிருந்து சில கட்டிகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவற்றை ஆராய்ந்த மருத்துவர் ஜார்ஜ் பியர்சன், ஸ்டோடார்ட் என்னும் கத்தித் தொழிலாளரிடம் ஒரு துண்டைக் கொடுத்துப் பேனாக்கத்தி செய்யச் சொன்னார். அந்த எஃகை அடிப்பது மிகக் கடினம். சூடு மிகுந்தால் நொறுங்கிவிடும். ஸ்டோடார்ட், இருளில் மட்டுமே சிவப்பது தெரியும் அளவுக்கு மெல்லச் சூடேற்றி அடித்தார். முடிந்த கத்தி அந்நாட்டுச் சிறந்த கத்திக்கு ஒப்பாக வெட்டியது. பல வேலைகளுக்கு இந்த எஃகே மேலானது என்று அவர் கருத்துரைத்தார். பியர்சனின் கட்டுரை 1795-இல் வெளிவந்தது. பின்னாளில், கொல்லர் மகனாகிய மைக்கேல் பாரடே அதே ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து எஃகு ஆராய்ச்சி செய்தார். தொலைநாட்டுக் கருங்கட்டி, எதிர்பார்த்ததற்கு மேல் விளங்கியது.

இரண்டாவது கதை தலைகீழானது. 1913-இல் ஷெபீல்டு நகரத்து ஹாரி பிரியர்லி, ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் கலந்து துருப்பிடியா எஃகு வார்த்தார். கத்திக்கு ஏற்றது என்று அவர் கொடுத்ததை அந்நகரத்துக் கத்தித் தொழிலாளர் பழைய பழக்கப்படியே காய்ச்சினர், கூர் நிற்கவில்லை. 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்' என்று அவரை எள்ளினர். குற்றம் எஃகில் இல்லை. அதற்கு வேண்டிய மிகுந்த சூட்டை அவர்கள் அறியவில்லை. அதனை அறிந்து பதப்படுத்திய பின், உலகத்து அடுக்களைகளிலெல்லாம் அக்கத்தி குடிபுகுந்தது.

என் கத்தியின் கதையும் அவ்வாறே முடிந்தது. தந்தையார் பழைய கத்திக்கே திரும்பினார். மறு பருவத்தில் ஒட்டுகள் பிடித்தன. பளபளத்த கத்தியை அம்மா அடுக்களைக்கு எடுத்துக்கொண்டார். மாங்காயின் புளிப்பும் துவர்ப்பும் சாதாரண இரும்பில் பட்டால் அலகும் கருக்கும், துண்டும் கருக்கும். இந்தக் கத்தியால் அரிந்த மாங்காய் கருக்கவில்லை. வற்றலுக்கும் தொக்குக்கும் பேரக் குழந்தைகளின் பழத்துண்டுக்கும் பதினைந்து ஆண்டுகள் அது உழைத்தது. "உன் கத்தி நல்ல கத்திதான்டா. போக வேண்டிய இடத்துக்கு வரத்தான் கொஞ்சம் நாளாச்சு" என்பார் அம்மா.

தந்தையார் 2011-இல் மறைந்தார். வில்பட்டைக் கத்தி என்னிடம் இருக்கிறது. விமானத்தில் கையோடு கொண்டுவர விடமாட்டார்கள் ஆதலின், வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். மாதம் ஒருமுறை எண்ணெய் பூசுகிறேன், பூசாவிடில் துருவேறும். ஊருக்குச் சென்றால் அந்தக் கத்தி சீவிய ஒட்டுகள் மரமாகிக் காய்த்து நிற்பதைக் காண்கிறேன்.

இங்குள்ள நாம் ஒவ்வொருவரும் ஊருக்குப் பொருள் வாங்கிச் செல்கிறோம், அன்போடுதான் வாங்குகிறோம். ஆயினும் இளைஞர்களே, வாங்குமுன் ஒரு தொலைபேசி அழைப்பு வேண்டும். "அப்பா, உங்கள் வேலைக்கு எப்படிப்பட்டது வேண்டும்?" என்று கேளுங்கள். நான் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், முப்பது ஆண்டு கை ஓர் ஆண்டு தலைகுனிந்திராது.