இருவருக்கும் ஒரே உறுதிமொழி

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தன்பாலினத்தவர் திருமணத்துக்கு இடமளித்து, 2014 மார்ச் 29 அன்று முதல் மணங்கள் நடந்தேறியபோது, மணமக்கள் முன் நின்ற கேள்விகளுள் வெளியே அதிகம் பேசப்படாத ஒன்று, மணவேளையில் எந்தச் சொற்களைச் சொல்வது என்பதாகும். அந்நாட்டு மணமுறையில் தாலியும் இல்லை, அக்கினி வலமும் இல்லை. சாட்சிகள் முன்னிலையில் வாய்திறந்து சொல்லும் சொல்லே மணத்தை நிறைவேற்றுகிறது. அதற்கு முன்பு, 2005 டிசம்பர் முதல், தன்பாலின இணையருக்கு இருந்த ‘சிவில் பார்ட்னர்ஷிப்’, அதாவது திருமணத்தின் உரிமைகளைப் பெரும்பாலும் வழங்கிய பதிவு உறவு, கையொப்பத்தோடு முடிந்துவிட்டது; அதற்கு எவரும் எதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திருமண உரிமை வந்தபோது பேசும் கடமையும் உடன் வந்தது.

சட்டம் கேட்பது மிகக் குறைவு. மணத்துக்குச் சட்டத்தடை ஏதும் இல்லை என்ற அறிவிப்பு ஒன்று. இன்னாரை மனைவியாகவோ கணவராகவோ ஏற்பதாகச் சொல்லும் ஏற்புரை மற்றொன்று. இரண்டையும் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் போதும். எஞ்சியதெல்லாம் மணமக்களின் விருப்பம். ஆனால் பதிவாளர் நடத்தும் மணத்தில் வேத வாசகமும் வழிபாட்டுப் பாடலும் இடம்பெறக் கூடாது.

விருப்பம் என்று விட்ட இடத்தில்தான் மரபு வந்து நிற்கிறது. இங்கிலாந்துத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூல் 1549இல் வெளிவந்து 1662இல் நிலைபெற்றது. வளத்திலும் வறுமையிலும், நோயிலும் நலத்திலும் பிரியாமல் இருப்பதாகச் சொல்லும் அதன் வாக்குறுதியை, கோயில் வாசலையே மிதிக்காதவர்களும் திரைப்படங்கள் வழியாக அறிவார்கள். அதற்கும் முன்னரே, வழிபாடு முழுவதும் இலத்தீனில் நடந்த காலத்திலும், மணமக்கள் சொல்லும் பகுதி மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது என்பது, சொல்பவருக்குப் புரியாத வாக்கு வாக்கன்று என்று அன்றே உணர்ந்திருந்ததைக் காட்டுகிறது. ஆனால் அந்த 1662ஆம் ஆண்டு வாசகம் இருவருக்கும் ஒன்றல்ல: கணவன் நேசிப்பதாகவும் பேணுவதாகவும் சொல்கிறான், மனைவி அவற்றோடு கீழ்ப்படிவதாகவும் சேர்த்துச் சொல்கிறாள், மோதிரம் அணிவித்து உடைமைகளை அளிப்பதாகச் சொல்பவனோ கணவன் மட்டுமே. இரு பெண்கள் எதிரெதிரே நிற்கும்போது, கீழ்ப்படிதல் யார் பங்கு, அளித்தல் யார் பங்கு? ஆண், பெண் மணமக்கள் வழக்கம் என்று கேளாமல் கடந்துபோகக்கூடிய இக்கேள்வியைத் தன்பாலின இணையர் தவிர்க்க முடியாது. அவர்களது தேர்வு கவனத்துக்குரிய கலையாவதும் இதனால்தான்.

இதற்கு நல்ல விடை குவேக்கர்களிடம் இருக்கிறது. குருமாரின்றி அமைதியில் அமர்ந்து வழிபடும் இச்சமயக் குழுவினரின் மணத்தில், இணையர் எழுந்து நின்று, கூடியிருப்போரை நண்பர்களே என விளித்து, ஒரே வாக்குறுதியை மாறி மாறிச் சொல்கின்றனர். வந்திருப்போர் பின்னர் மணச்சான்றில் கையொப்பமிடுகின்றனர். பிரிட்டனின் குவேக்கர்கள் 2009இலேயே தன்பாலின மணங்களையும் இவ்வாறே நடத்த முடிவு செய்தபோது, அவர்களது வாக்குறுதியில் பெரிதாக மாற்ற வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

இன்று பலர் விரும்புவது, ஒருவர் எழுதுவதை மற்றவர் அறியாமல் தனித்தனியே எழுதிவந்து படிப்பதாகும். இதில் புதுமை உண்டு. ஆனால் பெரும்பாலும் அது பாராட்டுரையாகச் சரிந்துவிடுகிறது. ‘உன் சிரிப்பில் என் நாள் விடிகிறது’ என்பது புகழ்ச்சி. ‘உன் தாய் படுக்கையில் விழுந்தால் நம் வீட்டில் வைத்துப் பார்ப்பேன்’ என்பது வாக்கு. முன்னதை யாரும் மீற முடியாது. பின்னதை மீற முடியும், அதனாலேயே அதற்கு எடை உண்டு. மணத்தை ஏற்காத பெற்றோரைக் குறித்து உறுதிமொழியிலேயே குறை சொல்வதும் பொருத்தமன்று. எவர் கைவிட்டாலும் கைவிடேன் என்ற அளவில் நிறுத்தினால், அவையோரும் புரிந்துகொள்வர், வராதவர்களுக்கு நாளை வரும் வழியும் அடைபடாது.

தமிழ் நேயர்களுக்கு இங்கே சுயமரியாதைத் திருமணம் நினைவுக்கு வரலாம். தமிழ்நாட்டின் 1967ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், மணமக்கள் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவிப்பதையே திருமணமாக ஒப்புக்கொண்டது. எனினும் அது கணவன், மனைவி என்ற வரம்புக்குள் நிற்கிறது. தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு அளிக்க இந்திய உச்ச நீதிமன்றமும் 2023 அக்டோபர் 17 அன்று மறுத்துவிட்டது. ஆகவே இங்கு அவ்வாறு சொல்லப்படும் உறுதிமொழிக்கு, சொல்பவரின் நாணயம் மட்டுமே இன்றைய காப்பு.

வாசகத்தைத் தேர்வோர் அதைத் தாளில் பார்த்து முடிவு செய்யாமல், ஒருமுறையேனும் உரக்கச் சொல்லிப் பார்ப்பது நல்லது. பதிவாளர் நாலைந்து சொற்களாகப் பிரித்துத் தர, மணமக்கள் நடுங்கும் குரலில் திருப்பிச் சொல்லும் வழக்கத்தில், ஒரே மூச்சில் அடங்காத தொடர் பாதியில் உடைந்துபோகும். பொதுவான வாசகத்தை இருவரும் ஒன்றுபோலச் சொல்லி, அதன் இறுதியில் அவரவருக்கென ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக்கொள்ளும் முறையே இவற்றுள் சிறந்தது.