கழுகு செத்தால் நமக்கென்ன?

மற்ற ஜீவராசிகள் பெரும்பாலும் அழிந்தாலும் மனிதன் பிழைத்துக்கொள்வான், அவனுக்கு யந்திரமும் விஞ்ஞானமும் இருக்கின்றன என்று சிலர் சொல்கிறார்கள். நாம் ஒரே ஒரு பறவையின் கணக்கைப் பார்ப்போம்.

செத்த மாட்டை ஊருக்கு வெளியே போட்டால், பிணந்தின்னிக் கழுகுகள் இறங்கி எலும்பை மட்டும் மிச்சம் வைக்கும். கூலி கேட்காத துப்புரவுத் தொழிலாளி அது. 1990-களில் மாட்டின் வலிக்கு டைக்ளோஃபினாக் என்ற மருந்து மலிவாக வந்தது. அந்த மருந்து ஏறிய மாட்டைத் தின்ற கழுகுகளுக்குச் சிறுநீரகம் கெட்டது. நம் நாட்டுக் கழுகுகளில் முக்கியமான இனங்கள் நூற்றுக்கு 95-க்கு மேல் மடிந்தன.

பிறகு என்ன நடந்தது? சவங்கள் அழுகின. தண்ணீர் கெட்டது. தெருநாய்கள் பெருகின, வெறிநாய்க்கடியும் பெருகியது. 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று ஆய்வாளர்கள் 2024-ல் கணக்கிட்டார்கள். காசுள்ளவனுக்குச் சுத்தமான தண்ணீர் உண்டு, தடுப்பூசி உண்டு. விடியுமுன் ஆலைக்கு நடக்கிற நமக்கு? குளத்து நீர் குடிக்கிற நமக்கு?

ஒரு பறவைக்கே இந்த விலை! தேனீயும் வண்டும் போனால் பூசணிப் பூ காயாகுமா? மண்புழுவும் நுண்ணுயிரும் போனால் சாணம் எருவாகுமா? எல்லாம் போனபின் மனிதன் மட்டும் வாழ முடியாது, தோழர்களே!

மாட்டுக்கு அந்த மருந்து கொடுப்பது 2006-ல் தடை செய்யப்பட்டது. ஆனால் மனிதருக்கான புட்டிகளிலிருந்து அது மாட்டுக்குப் போனது. ஆகவே ஊசி போடும்போது மருந்தின் பெயரைக் கேட்போம். கழுகைக் கொல்லாத மெலாக்சிகாம் இருக்கிறது. அதையே போடச் சொல்வோம்!