இருவர் பெயரில் ஒரு வீடு

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைச் செய்துபார் என்பது முதியோர் வாக்கு. இரண்டும் அரிய காரியங்கள். ஆயின், அவ்விரண்டையும் ஒரே காலத்திற் கலைக்க நேருமாயின் அதன் துன்பம் எத்தகையது என்பதை அவ்வாக்கு கூறவில்லை. தம்பதியர் மனம் முறிந்து பிரியும்போது, இருவருக்கும் உரிய வீடு என்னாகும் என்பது இன்று பல குடும்பங்களில் எழுந்துள்ள வினாவாகும்.

யாழ்ப்பாணத்துத் தமிழரின் சொத்துமுறையைத் தேசவழமை வகுத்துள்ளது. 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆட்சியிலே தொகுக்கப்பெற்று, 1806 ஆம் ஆண்டில் ஆங்கிலேயரால் சட்ட வலு அளிக்கப்பெற்றது அது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்பன அதன் பழைய பாகுபாடுகள். பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு பெண்ணுக்கே உரியது; அங்கே ஐயத்துக்கு இடம் குறைவு. மணமான பின்னர் இருவரும் உழைத்துத் தேடிய வீட்டிலேதான் சிக்கல் தோன்றுகின்றது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். கணவர் எழுதுவினைஞர், மனைவி ஆசிரியை. இருவர் சம்பளத்தாலும் இரண்டு பரப்புக் காணி வாங்கி, அதனை வங்கிக்கு ஈடு வைத்து வீடு கட்டினர். உறுதியில் இருவர் பெயரும் சரிபாதியாக உள்ளன. பன்னிரண்டு ஆண்டுகளின் பின் பிணக்கு முற்றியது. கணவர் தமையன் வீட்டுக்குச் சென்றுவிட்டார். மனைவி பிள்ளைகளுடன் அவ்வீட்டிலேயே இருக்கின்றார். “எனது பங்கைக் காசாக்கித் தாரும்” என்கின்றார் அவர். “பிள்ளைகளை எங்கே கொண்டுபோகச் சொல்லுகிறீர்கள்?” என்கின்றார் இவர். இரண்டு கூற்றிலும் நியாயம் உண்டு.

விவாகரத்துத் தீர்ப்புக் கிடைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். தீர்ப்பு வந்தமையால் உறுதியிலுள்ள பெயர் தானே அழிந்துவிடுவதில்லை. ஒருவர் மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ சொத்தை எழுதிக்கொடுக்க வேண்டுமென நீதிமன்றம் கட்டளையிடலாம்; அத்தகைய கட்டளை இல்லாதவிடத்து இருவரும் முன்போலவே கூட்டுரிமையாளராவர். வீடு முழுவதையும் விற்பதாயின், 1840 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி நொத்தாரிசு முன்னும் இரு சாட்சிகள் முன்னும் இருவரும் கையொப்பமிட வேண்டும். தேசவழமைக்கு உட்பட்ட காணியில் ஒருவர் தமது பிரிபடாத பங்கை மாத்திரம் பிறருக்கு விற்க முனைந்தால், 1947 ஆம் ஆண்டின் முற்கொள்வுரிமைச் சட்டம் குறுக்கே நிற்கும்; மற்றக் கூட்டுரிமையாளருக்கு அறிவித்து, வாங்கும் வாய்ப்பை அவருக்கே முதலில் அளித்தல் வேண்டும். அன்றியும், பிணக்குள்ள வீட்டின் பாதிப் பங்கை நல்ல விலைக்கு வாங்க எவர் முன்வருவர்?

பெண்களுக்கு இன்னுமொரு தடை உண்டு. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென்பது 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள் கட்டளைச் சட்டத்தின் விதி. பிரிந்து வாழ்ந்தும் விவாகம் நீங்காத காலமே இதனாற் கடினமான காலமாகின்றது. எனினும், கணவன் கைவிட்டுச் சென்றாலும், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலும், மாவட்ட நீதிமன்றத்தை நாடி அனுமதி பெறலாம் என்று அதே சட்டம் வழி வைத்திருக்கின்றது. இதனை அறியாது வாளாவிருக்கும் பெண்கள் பலர்.

இணக்கம் ஏற்படாவிடின் இறுதி வழி பாகப்பிரிவினை வழக்கு. 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் இதற்குரியது. நிலம் அளக்கப்படும்; பங்குகள் தீர்மானிக்கப்படும்; துண்டாக்க இயலாத வீடாயின் விற்பனைக்குக் கட்டளை பிறக்கும். மதிப்பிட்ட விலைக்கு வாங்கும் வாய்ப்பை முதலில் உரிமையாளருக்கே அளித்து, அதன் பின்னரே பகிரங்க ஏலத்துக்குச் செல்லும் முறை 1863 ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலேயே காணப்பட்டது. ஆயினும் இவ்வகை வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்வன. அதற்குள் ஓடு உடையும்; வேலி சரியும்; செலவு ஏறும்.

ஆகவே, வழக்குக்கு முன்னர் கணக்கைப் பார்த்தல் அறிவுடைமை. வீட்டின் மதிப்பு 120 இலட்சம் ரூபாய் என்றும், வங்கிக் கடன் மீதி 20 இலட்சம் என்றும் வைத்துக்கொள்வோம். கடன் போக எஞ்சுவது 100 இலட்சம். ஒருவர் பங்கு 50 இலட்சம். மனைவி வீட்டை வைத்திருக்க விரும்பினால், கணவருக்கு 50 இலட்சம் கொடுத்துக் கடனையும் ஏற்றல் வேண்டும். அது இயலாதாயின், இருவரும் ஒருமித்துக் கையொப்பமிட்டு விற்றலே இருவருக்கும் நயம். எவ்வழியாயினும், வங்கியிடமிருந்து எழுத்துமூல விடுவிப்புப் பெறாதவரை, வீட்டை விட்டகன்றவரும் கடனாளியே. தம்பதியர் தமக்குள் செய்த ஒப்பந்தம் வங்கியைக் கட்டுப்படுத்தாது.

இன்னுமொன்று. சீதனப் பணத்தாலோ முதுசக் காணி விற்ற காசாலோ வாங்கியது தேடியதேட்டமாக எண்ணப்படாது. “தாலிக்கொடி தவிர்ந்த நகையெல்லாம் இந்த வீட்டுக்குள்ளேதான் போயின” என்று பின்னர் கூறுவதாற் பயனில்லை. பற்றுச்சீட்டும் வங்கிக் கணக்குமே பேசும். உறவு நன்றாக உள்ள நாளிலேயே இவற்றைப் பேணிவைத்தல் அவநம்பிக்கையன்று, முன்யோசனையாகும்.

வீட்டை விற்றாலும் தந்தை தந்தையே, தாய் தாயே. ஆண்டின் நடுவே பள்ளிக்கூடம் மாறும் பிள்ளை, பெற்றோரின் கோபத்துக்கு வட்டி கட்டுகின்றது. பரீட்சை முடியும்வரை விற்பனையைத் தள்ளிவைப்பதற்கு எந்தச் சட்டமும் தடையன்று. மதிப்பீட்டாளர் ஒருவரையும், இரு பக்கத்துக்கும் பொதுவான பெரியவர் ஒருவரையும் இருத்தி, விலை, கடன், வெளியேறும் நாள் ஆகிய மூன்றையும் எழுத்தில் வைப்பாராயின், பிரிவிலும் ஒரு மரியாதை நிலைக்கும்.