உடம்புக்குள் ஓடும் காவலர்கள்



வயலில் வேலை செய்யும்போது காலில் முள் குத்துகிறது. அந்த இடம் சிவந்து வீங்குகிறது. தொட்டால் சுடுகிறது. பிறகு தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது. குத்தியது காலில். நெறி கட்டியது தொடையில். ஏன் இப்படி?

நம் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. ஒரு சொட்டு இரத்தத்தில் லட்சக்கணக்கில் இருக்கும். அவைதான் உடம்பின் காவலர்கள். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் அவை பிறக்கின்றன.

காலில் முள் குத்தியதும் அந்த இடத்திலிருந்து ஒரு செய்தி போகிறது. எறும்புக்குச் சர்க்கரை வாசம் தெரிவது போல, வெள்ளை அணுக்களுக்கு அது தெரிகிறது. அவை இரத்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. சிறு இடுக்கு வழியே நெளிந்து வெளியே வருகின்றன. ஊர்ந்து சென்று கிருமிகளை விழுங்குகின்றன. சண்டையில் செத்த அணுக்களும் கிருமிகளும்தான் சீழ்.

வேறு சில அணுக்கள் கிருமியின் அடையாளத்தை எடுத்துக்கொண்டு தொடை இடுக்குக்குப் போகின்றன. அங்கே காவலர் முகாம் இருக்கிறது. அந்தக் கிருமிக்கு ஏற்ற காவலர்கள் அங்கே பெருகுகிறார்கள். முகாம் வீங்குகிறது. அதுதான் நெறி.

1882ல் இத்தாலி நாட்டு மெசினா ஊரில் மெச்னிகோவ் என்ற அறிஞர் இதை ஆராய்ந்தார். கண்ணாடி போன்ற நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்தினார். மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றி அணுக்கள் கூடியிருந்தன. 1908ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

காவலர்களுக்குச் சாப்பாடு வேண்டாமா? வேண்டும். நாம் குடிக்கும் கஞ்சி சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அதை எரித்துத்தான் அவை ஓடுகின்றன. காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உடம்பின் செலவு சுமார் 10 சதவீதம் கூடுகிறது. ஆகவே காய்ச்சலில் பட்டினி போடாதீர்கள். கஞ்சி, பருப்புத் தண்ணீர், இளநீர் கொடுங்கள். ஆனால் சர்க்கரை நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் காவலர்கள் மந்தமாகிவிடுகிறார்கள். புண் ஆறுவதில்லை.

நம் அந்தமானில் ஒரு காய்ச்சல் பல ஆண்டுகள் பெயர் தெரியாமல் ஆட்களைக் கொன்றது. இருமலில் இரத்தம் வந்தது. 1993ல் திக்லிபூர் பகுதியில் அது பரவியது. இன்று ஸ்ரீ விஜய புரம் எனப்படும் போர்ட் பிளேரில் மருத்துவ ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்குள்ளவர்கள் ஆராய்ந்து, அது எலிக்காய்ச்சல் என்று கண்டார்கள்.

எலி, மாடு, நாய், பன்றி ஆகியவற்றின் சிறுநீர் வழியே இந்தக் கிருமி தண்ணீரில் கலக்கிறது. காலில் உள்ள புண் வழியே உடம்பில் நுழைகிறது. இது தந்திரமான கிருமி. காவலர்கள் இதை அடையாளம் கண்டு, ஏற்ற ஆயுதம் செய்ய ஒரு வாரம் போல ஆகும். அதற்குள் கிருமி சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் வரை போய்விடும். சீக்கிரம் மருந்து கொடுத்தால், காவலர்கள் ஜெயிப்பார்கள்.

ஆகவே காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், புண்ணை மூடிக் கட்டி, ரப்பர் பூட்ஸ் போடுங்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், கண் சிவந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "நான் வயல் தண்ணீரில் வேலை செய்தேன்" என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை உங்கள் உயிரைக் காக்கும்.