மதிப்பெண்ணும் மதியும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்திருக்கிறது. அதன் பணிகளை முன்னர்ப் பேசிய பெரியோர்கள் விரிவாக எடுத்துரைத்தனர். எனவே நாம் வேறொன்றைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறோம். கட்டணம் கட்ட இயலாமல் படிப்பை நிறுத்தியவர்களை நாம் அறிவோம். அவர்களுக்கு உதவச் சங்கம் இருக்கிறது, அரசின் உதவித்தொகை இருக்கிறது. ஆனால் கட்டணமும் கட்டி, புத்தகமும் வாங்கிய பின்னர், "படிப்பு எனக்கு ஏறாது சார்" என்று சொல்லி நின்றுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எந்த உதவித்தொகையும் எட்டாத இடத்தில் இருக்கும் தடை அது. அதைப் பற்றியே இன்று பேசுகிறோம்.

இவ்வெண்ணம் எங்கிருந்து வருகிறது? ஐந்து வயதில் பள்ளிக்கு வரும் குழந்தையிடம் இது இருப்பதில்லை. அக்குழந்தை நூறு கேள்வி கேட்கிறது. தெரியாததைத் தெரியாது என்று கூச்சமின்றிச் சொல்கிறது. அதே குழந்தை எட்டாம் வகுப்பில் கடைசிப் பெஞ்சில் வாய் திறவாமல் அமர்ந்திருக்கிறது. இடையில் நேர்ந்தது என்ன? "மண்டையில் களிமண்" என்றும், "உனக்கெதற்குப் படிப்பு" என்றும் ஊரும் சில ஆசிரியர்களும் சொல்லக் கேட்டிருக்கிறது. "நம் குடும்பத்தில் யாருக்குப் படிப்பு வந்தது" என்று வீட்டிலும் கேட்டிருக்கிறது. பலமுறை கேட்ட சொல் தன் சொந்த எண்ணம் போலவே உள்ளத்தில் தங்கிவிடுகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் தெளிவாக உணர வேண்டும். பழக்கமின்மை வேறு, அறிவின்மை வேறு. மூன்று தலைமுறையாகப் படித்த வீட்டுப் பிள்ளை, நூலின் மொழியைத் தொட்டிலிலேயே கேட்டு வளர்கிறது. நம் பிள்ளை அதை முதன்முதலாக வகுப்பறையில்தான் கேட்கிறது. முன்னது ஒரு வாசிப்பில் புரிந்துகொள்வதைப் பின்னது மூன்று வாசிப்பில் புரிந்துகொள்ளக்கூடும். அதற்குக் காரணம் மூளையன்று, முன்பின் தொடக்கம். ஏட்டைத் தொட்டறியாத நம் தாய், வயலைப் பார்த்த அளவில் நடவுக்கு எத்தனை நாற்றுக்கட்டு வேண்டுமென்று சொல்கிறாள். பத்துப் பேர் கூலியை மனத்திலேயே கணக்கிட்டுப் பிரித்துக் கொடுக்கிறாள். கணக்கு அவளுக்கு வராது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

அண்ணல் அம்பேத்கரை உலகம் போற்றும் பேரறிஞராக மட்டுமே நம் இளைஞர்கள் அறிந்திருக்கிறார்கள். அதனால், "அவர் பிறவி மேதை, நாம் அப்படியா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி சொல்வோம். 1907-ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்வில் அவர் பெற்றது, மொத்தம் 750 மதிப்பெண்ணுக்கு 282. நூற்றுக்குக் கணக்கிட்டால் முப்பத்தெட்டைத் தொடவில்லை. பள்ளியில் தனியே சாக்குத் துணியில் அமர்ந்தவர். தண்ணீர்ப் பானையைத் தொடும் உரிமை இல்லாதவர். பம்பாயில் ஒரே அறையில் குடும்பம் முழுவதும் வாழ, அங்கேயே படித்தவர். அந்த 282 என்ற எண் அவருடைய நிலைமையை அளந்தது; அவருடைய மதியை அளக்கவில்லை. 1915-இல் நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பட்டம், மறு ஆண்டே சாதியின் தோற்றம் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரை, 1923-இல் லண்டனில் டி.எஸ்ஸி. பட்டம், 1947-இல் அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைமை. இவை யாவும் அந்த 282-க்குப் பின் வந்தவை. நூலகம் திறக்கும் வேளையில் நுழைந்து மூடும் வேளையில் வெளியேறிய உழைப்பால் வந்தவை.

அண்மைக் காலத்துச் சான்று ஒன்றும் உண்டு. உலக வங்கியைச் சேர்ந்த கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் இருவர் உத்தரப் பிரதேசத்துச் சிற்றூர்களில் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு செய்த ஆய்வை 2004-இல் வெளியிட்டனர். மேல்சாதி எனப்படுவோர் 321 பேர். தாழ்த்தப்பட்டோர் 321 பேர். சிக்கலான கட்டங்களுக்குள் வழி கண்டுபிடிக்கும் புதிர்களை அவர்களிடம் கொடுத்தனர். யார் எந்தச் சாதி என்று சொல்லாமல் கொடுத்தபோது இரு சாராரும் ஏறக்குறையச் சமமாகவே விடை கண்டனர். பின்னர் வேறு குழுக்களில், ஒவ்வொருவனின் பெயரையும் தந்தை பெயரையும் சாதியையும் எல்லார் முன்னிலையிலும் வாசித்துவிட்டுக் கொடுத்தனர். தாழ்த்தப்பட்ட சிறுவர்கள் கண்ட விடைகள் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துபோயின. சாதியை உரக்கச் சொன்ன அந்த ஒரு நிமிடத்தில் மூளையா குறைந்துவிட்டது? இல்லை. பிறர் தம்மை எப்படி எண்ணுவர் என்ற எண்ணம் கையைத் தளர்த்திவிட்டது.

கை தளர்ந்தவன் அடுத்துச் செய்வது என்ன? முயற்சியையே விட்டுவிடுகிறான். முழு மூச்சாகப் படித்தும் தோற்றால், அறிவில்லை என்பது உறுதியாகிவிடுமே என்று அஞ்சுகிறான். படிக்காமல் தோற்றால், "படிக்கவில்லை, அதனால் தோற்றேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். தன்மானத்தைக் காப்பதாக எண்ணித் தன் வாழ்வை இழக்கிறான். சோம்பேறி என்று நாம் ஏசும் இளைஞர்களுள் பலர் உண்மையில் அஞ்சியிருப்பவர்கள். அவர்களுக்கு வேண்டியது வசையன்று, துணை.

இளைஞர்களே, இதற்கு மருந்து வீர வசனம் அன்று. சிறு சிறு பழக்கங்களே. புரியாத இடத்தைக் கோடிட்டு, மறுநாளே ஆசிரியரிடம் கேளுங்கள். பிறர் சிரித்தால் சிரிக்கட்டும்; சிரிப்பு ஒரு நிமிடம், அறியாமை ஆயுள் முழுவதும். நாள்தோறும் செய்தித்தாளின் ஒரு பத்தியை உரக்கப் படியுங்கள். நூலின் மொழி நாவுக்குப் பழகும். விடையை மனத்தில் எண்ணிப் பார்த்ததோடு நில்லாமல் புத்தகத்தை மூடி எழுதிப் பாருங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணோடு ஒப்பிடாமல், சென்ற மாதத்து உங்கள் மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள். உங்களுக்கு இளையவர் ஒருவர்க்கு வாரம் ஒருமுறை பாடம் சொல்லிக் கொடுங்கள். பிறர்க்குச் சொல்லும்போதுதான் நமக்கு எவ்வளவு தெரியும் என்பதை நாமே அறிகிறோம்.

பெற்றோரே, "நமக்கெங்கே படிப்பு வரும்" என்ற சொல் இனி நம் வீடுகளில் எழ வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் பிள்ளையின் அருகில் அமர்ந்து, "இன்று என்ன படித்தாய், எனக்குச் சொல்" என்று கேட்கலாம்.

நிறைவாகச் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். பம்பாயில் அந்த 282 மதிப்பெண்ணுக்குப் பாராட்டுக் கூட்டம் நடந்தது. எஸ். கே. போலே தலைமை வகித்தார். கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அந்த இளைஞருக்குப் பரிசளித்தார். பின்னர்க் கல்லூரிப் படிப்பு தடைப்படும் நிலை வந்தபோது, பரோடா மன்னரிடம் எடுத்துச் சொல்லி மாதம் 25 ரூபாய் உதவி கிடைக்க வழிசெய்தவரும் அவரே. முதல் மதிப்பெண்ணா என்று அன்று யாரும் கேட்கவில்லை. நம் சங்கமும் முதல் மூவர்க்குப் பரிசு வழங்குவதோடு நில்லாமல், தவறிய பாடத்தை மீண்டும் எழுதித் தேறியவர்களையும் இம்மேடையில் ஏற்றிப் பாராட்ட வேண்டும். கணக்கிலும் ஆங்கிலத்திலும் பின்தங்கியோர்க்கு மாலை வகுப்பு தொடங்க வேண்டும். அவ்வகுப்பில் வாரம் இரு நாள் கற்பிக்க நாம் வருகிறோம். படித்து வேலையில் அமர்ந்த உறுப்பினர்களும் வர வேண்டும்.

"எனக்கு ஏறாது" என்று சொல்லும் பிள்ளைக்கு, "இன்னும் ஏறவில்லை, வா, மீண்டும் பார்ப்போம்" என்று சொல்ல ஒருவர் இருந்தால் போதும். அந்த ஒருவராக நாம் ஒவ்வொருவரும் இருப்போம்.